ஆர்டர் வேறு, தேவை வேறு

விநியோகச் சங்கிலியில் வரும் இடர்களை ஆராய்கிறவர்கள் ஒரு கட்டடத்தில் இருக்கிறார்கள். இணையத்தில் பொருள் வாங்குகிறவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று ஆராய்கிறவர்கள் வேறொரு கட்டடத்தில் இருக்கிறார்கள். முன்னவர்கள் தொழிற்சாலை, துறைமுகம், கிடங்கு என்று பேசுவார்கள். பின்னவர்கள் விலை, நம்பிக்கை, மதிப்புரை என்று பேசுவார்கள். அவர்கள் எழுதும் இதழ்கள் வேறு, கூடும் மாநாடுகளும் வேறு. இரு தரப்பும் ஒரே பிரச்சினையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. கைப்பேசியில் ஒருவர் ஆர்டர் போடுகிறார். அதை அவருடைய தேவை என்று எடுத்துக்கொண்டு நாம் நூல் வாங்குகிறோம், ஆள் வைக்கிறோம், லாரி பிடிக்கிறோம். அந்த ஆர்டருக்கும் உண்மையான தேவைக்கும் இடையே உள்ள தூரம்தான் இன்று விநியோகச் சங்கிலியின் பெரிய இடர்களில் ஒன்று. அதை அளப்பதற்கு நம்மிடம் இன்னும் சரியான கணக்கு இல்லை. இந்த உரை அதைப் பற்றியது.

இடர் மேலாண்மை வகுப்புகளில் முதலில் சொல்லப்படுவது ஒரு தீ விபத்து. 2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரில் மின்னல் தாக்கி, பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு தூசித் துகள்கூட நுழையக் கூடாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அங்கிருந்து சிப் வாங்கிய பெரிய நிறுவனங்கள் நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்று பிலிப்ஸ் தகவல் சொன்னது. நோக்கியா அதை அப்படியே நம்பி உட்காரவில்லை. தினமும் விசாரித்தது, பிலிப்ஸின் பிற ஆலைகளில் தனக்கு இடம் பிடித்தது, வேறு இடங்களிலும் சரக்குத் தேடியது. எரிக்சன் காத்திருந்தது. அதற்கு மாற்று ஏற்பாடும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனையை இழந்த எரிக்சன், 2001இல் தன் கைப்பேசித் தொழிலை சோனியோடு சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கியது.

அடுத்த பாடம் 2011 மார்ச் 11, ஜப்பான் நிலநடுக்கம். காருக்கு மினுமினுப்பான நிறம் கொடுக்கும் ஸிராலிக் என்ற நிறமியை உலகத்திலேயே ஓர் ஆலைதான் தயாரித்துவந்தது. ஃபுகுஷிமா பகுதியில் ஓனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை அது. அந்த ஆலை நின்றதும், குறிப்பிட்ட கறுப்பு, சிவப்பு நிறங்களில் வண்டிக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று ஃபோர்டு தன் டீலர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. எஞ்சின் இருக்கிறது, டயர் இருக்கிறது, வண்டிக்குப் பூச நிறம் இல்லை. பிறகு எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவியும் அவருடைய குழுவினரும் ஃபோர்டுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். நிலநடுக்கம் எப்போது வரும் என்று கணிப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு சப்ளையர் நின்றுபோனால் மீண்டும் ஓடத் தொடங்க எத்தனை வாரம் பிடிக்கும், அதுவரை கையிருப்பு தாங்குமா என்று மட்டும் கேட்டார்கள். கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைக் காட்டிலும், யாரும் கவனிக்காத மலிவான பாகங்களில்தான் பேராபத்து ஒளிந்திருந்தது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகளில் இது ஒன்று.

ஆனால் இப்படிப்பட்ட கதைகள் எல்லாவற்றிலும் ஆபத்து சரக்கு வரும் பக்கத்திலிருந்தே வருகிறது. மின்னல், நிலநடுக்கம், வெள்ளம், கால்வாயில் குறுக்கே நின்ற கப்பல். சரக்கு போய்ச் சேரும் பக்கத்தில் இருப்பவர் அமைதியாகக் காத்திருக்கிறார்.

அவரை அப்படி அமைதியானவராக எண்ணிக்கொள்வதற்கு ஆய்வுலகில் ஒரு பின்னணி உண்டு. எம்.ஐ.டி.யில் 1960களிலிருந்து மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வைப்பார்கள். பீர் ஆலைக்காரர், விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று நால்வர். ஒவ்வொருவரும் வாராவாரம் தனக்கு முந்தையவரிடம் ஆர்டர் போட வேண்டும். சரக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். கடைக்கு வரும் வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்குகிறார். ஐந்தாவது வாரம் 8 ஆகிறது. அதற்குப் பிறகு கடைசிவரை அதே 8. இந்த ஒரே ஒரு மாற்றம் ஆலைக்குப் போய்ச் சேரும்போது பெரும் ஏற்ற இறக்கமாகிவிடும். முதலில் எல்லோருக்கும் தட்டுப்பாடு, பிறகு எல்லோருடைய கிடங்கிலும் தேக்கம். ஜான் ஸ்டெர்மன் 1989இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஏற்கெனவே போட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் ஆர்டரை ஆட்டக்காரர்கள் கணக்கில் வைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் பலரும் வாடிக்கையாளர்தான் தாறுமாறாக வாங்கினார் என்று பழி போடுவார்கள். அவர் வாங்கியதோ ஒரே சீராக.

1997இல் ஹவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இதற்குச் 'சாட்டை விளைவு' என்ற பெயரிலேயே கணித விளக்கம் கொடுத்தார்கள். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. குழந்தைகள் டயாபரை ஒரே சீராகத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு வரும் ஆர்டர் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. அவர்கள் சொன்ன காரணங்கள் நான்கு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தட்டுப்பாடு வரும், கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், கடைக்காரர் 50 வேண்டிய இடத்தில் 100 என்று எழுதுவார். பத்துக் கடைக்காரர்கள் அப்படி எழுதினால், இல்லாத தேவைக்கு ஆலை ஓடத் தொடங்கும். தட்டுப்பாடு தீர்ந்த நாளில் அத்தனை ஆர்டரும் மறைந்துவிடும்.

இந்த ஆய்வுகளில் சங்கிலியின் நடுவே இருப்பவர்கள்தான் இப்படி ஆடுகிறார்கள். கடைசியில் நிற்கும் மனிதர் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறார். 2021 வசந்த காலத்தில் நம் கண் முன்னே அவரும் ஆட்டத்துக்குள் இழுத்துவரப்பட்டார்.

2020 இறுதியில் கொரோனா தணிந்தது. உரிமம் பெற்று இந்தியாவில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தைத் தயாரித்துவந்த ஏழு நிறுவனங்களும் தேவை குறைந்ததால் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. இரண்டாம் அலை வந்தது. 2021 ஏப்ரல் 11 அன்று மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தபோது, நாட்டின் உற்பத்தி ஒரு நாளைக்கு 33,000 குப்பிகள். அந்த மாதக் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் விற்பனைக் கவுன்ட்டர் திறந்தது. டாக்டர் எழுதிய சீட்டு, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு, சி.டி. ஸ்கேன், ஆதார் நகல் என்று ஒரு கட்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் இரவெல்லாம் நடைபாதையிலேயே கிடந்தார்கள்.

அந்த வரிசையில் என் மாணவர் ஒருவரும் நின்றார். அப்பா தனியார் மருத்துவமனையில். ஒருவருக்கு ஒரு முறை சிகிச்சைக்கு வேண்டியது ஆறு குப்பி. இவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே, பெங்களூரில் இருந்த அக்கா ட்விட்டரில் போட்டிருக்கிறார். மதுரையில் மாமா, தெரிந்த மருந்துப் பிரதிநிதியிடம் சொல்லிவைத்திருக்கிறார். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் போட, அது வேறு நான்கு குழுக்களுக்குப் போயிருக்கிறது. முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் ஆங்காங்கே மருந்துக் கடைகளுக்கு போன் செய்திருக்கிறார்கள். "தேவை எங்கப்பா ஒருத்தருக்குத்தான் சார், ஆனா எத்தனை பேர் எத்தனை இடத்துல கேட்டாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார். மருந்து கிடைத்த பிறகும் அந்தச் செய்தி பல நாள் சுற்றிக்கொண்டிருந்ததாம். கேட்டதைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

மருந்துக் கடைக்காரரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஒரே நோயாளிக்காக அவருக்கு வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்பு வருகிறது. அவர் அதைப் பல நோயாளிகள் என்று எண்ணுகிறார். ஸ்டாக்கிஸ்ட்டிடம் அப்படியே கேட்கிறார். ஸ்டாக்கிஸ்ட் அதற்கு மேலும் சேர்த்துக் கம்பெனியிடம் கேட்கிறார். ஹவ் லீயும் மற்ற இருவரும் கடைக்காரர்களை வைத்து எழுதிய அதே சமன்பாடு, இங்கே நோயாளியின் மகனிடமிருந்தே தொடங்குகிறது.

மே மாத நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கும் கூட்டம் அடங்கவில்லை. பிறகு கவுன்ட்டரே வேண்டாம் என்று முடிவானது. தனியார் மருத்துவமனைகள் நோயாளியின் விவரத்தை இணையதளத்தில் பதிந்து, மருந்தைத் தாங்களே நேரடியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அரசு மாற்றியது. வரிசை கலைந்தது. அடுத்த வாரங்களில் நோயும் இறங்கத் தொடங்கியது, ஆகவே முழுப் பெருமையையும் அந்த இணையதளத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அதில் நடந்த மாற்றம் ஆழமானது. ஒரு நோயாளி, ஒரு மருத்துவமனை, ஒரு விண்ணப்பம் என்று ஆனது. கேட்பவர் மாறியதும் கேட்கப்பட்ட அளவு தேவையின் அளவுக்கு அருகில் வந்தது. மே 29 அன்று மத்திய அரசு, உற்பத்தி ஒரு நாளைக்கு 3,50,000 குப்பிகளாக உயர்ந்துவிட்டது, தேவையைவிட வரத்து அதிகம், ஆகவே மாநிலங்களுக்கான ஒதுக்கீட்டை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 33,000க்கும் 3,50,000க்கும் இடையில் ஏழு வாரம். தட்டுப்பாட்டிலிருந்து உபரிக்கு இவ்வளவு வேகத்தில் போன சரக்கு வேறு எனக்கு நினைவில்லை.

வரிசையில் நின்றவர்களை 'பீதியில் வாங்கியவர்கள்' என்று எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் தகப்பனுக்காக ஐந்து இடத்தில் கேட்கிறவர் செய்வதில் பிழை ஒன்றுமில்லை. ஐந்து கோரிக்கையும் ஒருவருடையதுதான் என்று கண்டுகொள்ள வழியில்லாத ஏற்பாட்டில்தான் பிழை.

மருந்து உயிர் போகிற விஷயம். சட்டை, செருப்பு, ஹெட்போன் வாங்குவதிலும் இதே ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதில் ஒரு பகுதி வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள், பிடித்ததைப் பதிவிறக்கிக்கொண்டார்கள். சிலருக்குப் பாட்டை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை பதிவிறங்கியது என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இடைவெளி பெரிதானது. ஓர் உலகத்தில் முன்னுக்கு வந்த பாட்டு இன்னோர் உலகத்தில் பின்தங்கியது. எது ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது மேலும் கடினமானது.

சந்தையியல் துறையினர் இதைப் பிரபலமாவது எப்படி என்ற ஆய்வாகப் படிக்கிறார்கள். விநியோகச் சங்கிலிக்காரர்கள் இதை இடர் ஆய்வாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விற்பனைத் தளத்தில் 'பெஸ்ட்செல்லர்' என்று ஒரு பட்டை ஒட்டும்போது விற்பனை கூடுகிறது. அதோடு சேர்ந்து, எந்த நிறம், எந்த டிசைன் ஓடும் என்று கணிக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஒருவர் பட்டையை ஒட்டுகிறார், கணிப்புத் தவறியதன் செலவை இன்னொருவர் சுமக்கிறார்.

'இன்னும் 2 மட்டுமே உள்ளன', 'சலுகை முடிய 10 நிமிடம்' என்ற அறிவிப்புகளும் அப்படித்தான். நுகர்வோர் பாதுகாப்புக்கான மத்திய ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவமைப்புகள் 13 பட்டியலிடப்பட்டன. பொய்யான அவசரத்தைக் காட்டுவது அவற்றில் ஒன்று. நுகர்வோரை ஏமாற்றுவதால் அது தவறு என்கிறது சட்டம். சரி. பொய்யான தட்டுப்பாட்டைக் காட்டினால் மனிதர்கள் உண்மையான தட்டுப்பாட்டில் நடந்துகொள்வதுபோலவே நடந்துகொள்கிறார்கள். முதலில் ஆர்டர் போட்டு வைத்துக்கொள்கிறார்கள், பிறகு யோசிக்கிறார்கள். அந்த ஆர்டர் கிடங்கை அசைக்கிறது, லாரியை அசைக்கிறது. ஆகவே இது சங்கிலி முழுவதையும் ஏமாற்றும் வேலை. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் முதன்முதலாக 'பிக் பில்லியன் டே' நடத்தியபோது தளம் திணறியது, பொருள்கள் தீர்ந்தன, ஆர்டர்கள் ரத்தாயின. நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மறுநாள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரே நாளில் எல்லோரையும் வரவழைப்பது எவ்வளவு பெரிய சுமை என்று நாடு பார்த்த நாள் அது. அதற்குப் பிறகு தளங்கள் தங்கள் கணினிகளையும் கிடங்குகளையும் பலப்படுத்திக்கொண்டன. விற்பனையாளரின் கிடங்கு அப்படியே இருக்கிறது.

திருப்பூரில் இணையத் தளங்கள் வழியாக டி-ஷர்ட் விற்கும் சிறு உற்பத்தியாளர்களோடு பேசிக்கொண்டிருப்பது என் வழக்கம். ஒருவருடைய குடோனில் ஒரு மேசை முழுக்கத் திரும்பி வந்த பார்சல்களுக்கு. இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். சிலவற்றில் பாலிபேக் கிழிந்திருக்கும், டேக் இருக்காது. சில சட்டைகளில் சென்ட் வாசம். ஒன்றில் காலரில் மஞ்சள் கறை. அயர்ன் செய்து, புது கவர் போட்டு, தேறியதை அடுக்குகிறார்கள். தேறாததை ஓரமாகப் போடுகிறார்கள். கணக்கில் இரண்டு வகை. வாடிக்கையாளர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது ஒன்று. வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லித் திரும்பியது இன்னொன்று, அதை ஆர்.டி.ஓ. என்கிறார்கள். "வித்துச்சுன்னு சொல்றதுக்குப் பொருள் போய்ச் சேர்ந்தும் பத்து நாள் பொறுக்கோணுங்க" என்றார் அந்த உற்பத்தியாளர்.

கேஷ் ஆன் டெலிவரி இந்தியாவில் வேரூன்றியதற்குக் காரணம் அவநம்பிக்கை. படத்தில் காட்டியது வருமா என்ற பயம். 2010இல் ஃபிளிப்கார்ட் அதைக் கொண்டுவந்த பிறகுதான் பல லட்சம் பேர் இணையத்தில் வாங்கவே துணிந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுக்காமல் போடும் ஆர்டர், வாங்கும் எண்ணத்தின் பாதி வடிவம். அளவு சரியாக இருக்குமோ என்று எம், எல் இரண்டையும் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புவதும் அப்படியே. அவருக்கு வேண்டியது ஒரு சட்டை. தளத்தின் கணக்கில் அன்று விற்றது இரண்டு. உற்பத்தியாளர் அந்த இரண்டைப் பார்த்து நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் ஆர்டர் கொடுக்கிறார். திரும்பி வரும் சட்டையின் கணக்கு வரும்போது துணி வெட்டப்பட்டிருக்கும். தீபாவளி முடிந்திருக்கும்.

இந்த அசைவு கடல் கடந்தும் வரும். பெருந்தொற்றில் வீட்டில் இருந்தபடி வாங்கிய அமெரிக்கர்களின் வேகத்தை நம்பி அங்குள்ள சில்லறை நிறுவனங்கள் ஆர்டர்களைக் குவித்தன. கப்பல் தாமதம் என்பதால் முன்கூட்டியும் கூடுதலாகவும் கேட்டன. 2022 மே மாதக் கணக்கில் டார்கெட் நிறுவனத்தின் சரக்கிருப்பு முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் கூடியிருந்தது. ஜூன் மாதம், விலை குறைத்துத் தள்ளப்போவதாகவும் சில ஆர்டர்களை ரத்து செய்யப்போவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது. அதே மே மாதத்தில்தான் இங்கே ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. உச்ச விலையில் நூல் வாங்கிய திருப்பூர்க்காரர்கள், அமெரிக்க, ஐரோப்பியக் கிடங்குகள் நிரம்பி வழிந்த அந்த ஆண்டின் பிற்பாதியில் ஆர்டர் குறைவதைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆலையில் தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை. சிம்சி-லெவியின் முறையில் கணக்குப் போட்டிருந்தால் அவர்கள் பத்திரமானவர்கள் என்றே வந்திருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது, சங்கிலியில் தகவல் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவரிடம் இடர் குறைவாக இருப்பதுதான். எந்தப் பின்கோடிலிருந்து எவ்வளவு ஆர்டர் ஆர்.டி.ஓ.வாகத் திரும்புகிறது, எந்தச் சட்டை எம்மும் எல்லுமாகச் சேர்ந்து போகிறது, எத்தனை பேர் கடிகாரம் ஓடும்போது மட்டும் வாங்கினார்கள் என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியும். உற்பத்தியாளருக்கு அன்றைய ஆர்டர் எண்ணிக்கை மட்டுமே முதலில் தெரிகிறது. ஹவ் லீயும் அவருடைய கூட்டாளிகளும் தட்டுப்பாட்டுக் காலத்துக்கு ஒரு மருந்து சொன்னார்கள். கேட்கும் அளவை வைத்துப் பங்கிடாதீர்கள், முன்பு உண்மையில் விற்ற அளவை வைத்துப் பங்கிடுங்கள் என்று. கீழ்ப்பாக்கத்துக்குப் பின் வந்த இணையதளமும் ஏறக்குறைய அதையே செய்தது. கேட்டவரின் குரலை விட்டுவிட்டு நோயாளியின் பதிவைப் பார்த்தது. இணைய வணிகத்திலும் அதற்கு இணையான ஏற்பாடு முடியும். ஆர்டர் வந்த அன்றே, அதில் எவ்வளவு நிலைக்கும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்து விற்பனையாளருக்குத் தளங்கள் கொடுக்க வேண்டும். அவசரப் பட்டை ஒட்டி வரவழைத்த ஆர்டர் திரும்பி வந்தால், போய் வந்த கூலியில் பட்டை ஒட்டியவருக்கும் பங்கு இருக்க வேண்டும். சிறு விற்பனையாளர்கள் தனித்தனியாகக் கேட்டால் இது நடக்காது. சங்கமாகக் கேட்கலாம், ஒழுங்குமுறை அமைப்புகள் வழியாகவும் கேட்கலாம். இரண்டுக்கும் கையில் ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தைத் திரட்டும் வேலையை மேலாண்மைத் துறையின் ஆய்வு மாணவர்களிடம் கேட்கிறேன். திருப்பூரில் சம்மதம் தரும் விற்பனையாளர்களின் கணக்கை, தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆர்டரையும் அது வந்த நாளிலிருந்து முப்பதாம் நாள்வரை பின்தொடருங்கள். எது ரத்தானது, எது வாசலில் திரும்பியது, எது பிரித்துப் பார்த்துத் திரும்பியது, எது உண்மையில் விற்றது என்று பிரித்து எழுதுங்கள். அன்று திரையில் என்ன பட்டை ஒட்டியிருந்தது, கடிகாரம் ஓடியதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். உற்பத்தி மேலாண்மை படிக்கும் ஒருவரும் நுகர்வோர் நடத்தை படிக்கும் ஒருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. வழிகாட்டிகளும் இரு துறையிலிருந்து ஒவ்வொருவர் இருந்தால் நல்லது. மேசையில் சட்டை பிரிக்கும் அந்தப் பெண்களிடம் முதலில் பேசுங்கள். எந்தப் பார்சல் எதற்காகத் திரும்பி வந்திருக்கும் என்று பிரிக்கும் முன்பே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.